ரெண்டு 360 ரேடியேட்டர் போட்டும் கூலன்ட் 51 டிகிரி போகுது, மூணாவது ஒண்ணு போடணுமா?

வைகை_பிசி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைல இருந்து எழுதுறேன். ரூம்ல ஏசி கிடையாது, கத்திரி வெயில் ஆரம்பிச்சதுல இருந்து கேம் போடுறதுக்கே யோசனையா இருக்கு, அதான் விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுடலாம்னு வந்தேன்.

நானே கட்டுன வாட்டர் கூலிங் பிசி, கான்ஃபிக் சொல்லிடுறேன். சிபியு ரைசன் 7 5800எக்ஸ், ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) ஆர்டிஎக்ஸ் 3080, கேஸ் லியான் லி ஓ11 டைனமிக், பழைய மாடல்தான். சிபியு ஜிபியு ரெண்டும் ஒரே லூப்ல, அதாவது கூலன்ட் தண்ணி சுத்தி வர்ற ஒரே குழாய்ச் சுத்துல ஓடுது. 360 ரேடியேட்டர் (மூணு 120 எம்எம் ஃபேன் மாட்டுறது) ரெண்டு, ரெண்டுமே 30 எம்எம் தடிமன், ஒண்ணு மேல ஒண்ணு சைடுல. பம்ப் டி5, ரிசர்வாயரோட (தண்ணித் தொட்டி) ஒட்டின காம்போ. ட்யூப் பெட்ஜி, வளைச்சு மாட்டுற கெட்டி பிளாஸ்டிக். ஃபேன் எல்லாமே ஆர்க்டிக் பி12, கீழ மூணும் உள்ள இழுக்குது, சைடு மூணும் வெளிய தள்ளுது, மேல மூணும் வெளிய தள்ளுது. ரேடியேட்டர் சூடு கேஸுக்குள்ள வந்துடக் கூடாதுன்னுதான் சைடையும் எக்ஸாஸ்ட்டா வச்சேன்.

இப்ப பிரச்சனை என்னன்னா, ரூம் 34 டிகிரி இருக்கறப்ப ஒரு முக்கால் மணி நேரம் கேம் ஓடுச்சுன்னா கூலன்ட் 51க்குப் போயி அங்கயே நிக்குது. ஜிபியு 64, ஹாட்ஸ்பாட் (ஜிபியு சில்லுல அதிகம் சூடான இடம்) 77, சிபியு 84ல இருந்து 88 வரைக்கும் குதிக்குது. ஃபேன் எல்லாம் 1500 ஆர்பிஎம்ல கத்துது, ஹெட்செட் மாட்டுனாலும் கேக்குது. இவ்ளோ செலவு பண்ணி, ட்யூப் ஒவ்வொண்ணா வளைச்சு, பாத்துப் பாத்து கட்டுனது, சாதா ஏர் கூலர் போட்ட பிசிக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி இருக்கறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

கடையில கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் கீழ 45 எம்எம்ல மூணாவது ரேடியேட்டர் போடுங்கறார், இன்னொருத்தர் ஃபேன் எல்லாத்தையும் தூக்கிட்டு நாக்டுவா போடுங்கறார், இன்னொருத்தர் லூப் ஆர்டர் தப்பு, சிபியுக்கும் ஜிபியுக்கும் நடுவுல ரேடியேட்டர் வரணும்ங்கறார். எதப் பண்ணாலும் லூப்ப வடிக்கணும், காசும் ஆகும், அதனால எது உண்மையிலயே பலன் தரும்னு தெரிஞ்சுட்டு இறங்கலாம்னு இருக்கேன். அண்ணன்மாருங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.


தாம்பரம்_டி5:

ப்ரோ லூப் ஆர்டர் மேட்டர மொதல்ல விட்ருங்க, அதுல ஒண்ணுமே இல்ல. கணக்குப் போட்டுப் பாத்தாலே தெரியும். ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி சூடாக்க கிட்டத்தட்ட 4.2 கிலோஜூல் வேணும். உங்க லூப்ல கேம் ஓடுறப்ப ஜிபியு ஒரு 320 வாட், சிபியு ஒரு 80 வாட், மொத்தம் 400 வாட்னு வச்சுக்கங்க. டி5 நிதானமா ஓடுனாலே மணிக்கு 200 லிட்டர் ஓட்டம் வரும்னு எடுத்துக்கலாம். அப்போ சிபியு, ஜிபியு மேல உக்கார்ற ரெண்டு வாட்டர் பிளாக்கையும் தாண்டி வர்ற தண்ணிக்கும் போற தண்ணிக்கும் வித்தியாசம் ரெண்டு டிகிரி கூட வராது, ஒண்ணே முக்கால் டிகிரிதான். தண்ணி லூப்ப சுத்திச் சுத்தி வந்துட்டே இருக்கறதால எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே சூடுதான். ரேடியேட்டர எங்க வச்சாலும் அந்த ஒண்ணே முக்காலுக்குள்ளதான் விளையாட முடியும், அதுக்குப் போயி பெட்ஜிய திரும்ப வளைக்காதீங்க.

ஃபேனும் மாத்த வேணாம்னுதான் சொல்வேன். பி12 ஒண்ணும் மட்டமான ஃபேன் இல்ல, ஸ்டாட்டிக் பிரஷர் (தடையத் தாண்டி காத்தத் தள்ற தெம்பு) 2.2 எம்எம் ரேட்டிங், நாக்டுவா ஏ12எக்ஸ்25 எடுத்தா 2.34. சத்தத்துல நாக்டுவா நல்லா இருக்கும், பி12 சிலதுல 1000 ஆர்பிஎம் பக்கத்துல ஒரு ரீங்காரம் வரும், அது உண்மை. ஆனா ஒன்பது ஃபேன் மாத்துற காசுக்கு உங்களுக்கு கூலன்ட்ல ஒண்ணு ரெண்டு டிகிரிதான் இறங்கும்.

மூணாவது ரேடியேட்டர்தான் எனக்கு சரியாப் படுது. 120 எம்எம்முக்கு 100 வாட்னு ஒரு கணக்கு எல்லாரும் சொல்வாங்க, உங்ககிட்ட ஆறு 120 இருக்கு, அப்போ பேப்பர்ல 600 வாட் தாங்கணும், ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு அந்தக் கணக்கு பத்தாது. கீழ ஒரு 360 போட்டுப் பாருங்க.


கோவை_ரேடியேட்டர்:

வணக்கம் தம்பி. கூலன்ட் டெம்பரேச்சரும் ரூம் டெம்பரேச்சரும் சேத்து சொன்னதுக்கு மொதல்ல நன்றிங்க, நெறைய பேரு சிபியு டெம்ப மட்டும் போட்டு ஏன் சூடாகுதுன்னு கேப்பாங்க, அத வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

உங்க நம்பர மூணாப் பிரிச்சுப் பாருங்க. ஜிபியு 64, கூலன்ட் 51, வித்தியாசம் 13. ஹாட்ஸ்பாட்டுக்கும் கோருக்கும் 13. 320 வாட் இழுக்கற 3080க்கு இது நல்ல மவுண்ட், சூடு கடத்துற பேஸ்ட், பேட் எல்லாம் சரியா உக்காந்துருக்கு, பிளாக்கத் தொட வேணாம். அடுத்து சிபியு. 5800எக்ஸ்ல எட்டு கோரும் ஒரே சின்ன சில்லுல இருக்கு, சுமார் 80 சதுர எம்எம்தான், அதுவும் மூடிக்கு நடுவுல இல்லாம ஒதுங்கி உக்காந்துருக்கும். அவ்ளோ சின்ன இடத்துல இருந்து சூட்ட எடுக்கறது எந்த வாட்டர் பிளாக்குக்கும் கஷ்டம்தான், அதனால அந்த சிபியு எப்பவுமே கொஞ்சம் சூடாத்தான் காட்டும், ஏஎம்டியே 90 வரைக்கும் விட்டுருக்காங்க. 

மிச்சம் இருக்கறது கூலன்ட் 51, ரூம் 34, வித்தியாசம் 17. பிரச்சனை இங்கதான் இருக்கு. ரெண்டு 360க்கு 400 வாட்ங்கறது சாதாரண லோடு, ஃபேன் 1500ல ஓடுறப்ப வித்தியாசம் 10க்குள்ள நிக்கணும். ரேடியேட்டருக்குத் தெம்பு இல்லாம இல்ல, அதுக்குப் போய்ச் சேர்ற காத்து சரியில்லன்னு எனக்குத் தோணுது. மூணாவது ரேடியேட்டர் வாங்கறதுக்கு முன்னாடி காசு செலவில்லாத ஒரு டெஸ்ட் பண்ணுங்க. அதே கேம், அதே செட்டிங், ஃபேன் எல்லாத்தையும் 1400ல லாக் பண்ணிட்டு கூலன்ட் ஒரு இடத்துல நிக்கற வரைக்கும் ஓட்டுங்க, நம்பர குறிச்சுக்கங்க. அப்பறம் இடது பக்கக் கண்ணாடிய கழட்டி வச்சுட்டு அதே மாதிரி ஓட்டுங்க. ரெண்டு நம்பரையும் போடுங்க. பிசி எங்க வச்சுருக்கீங்க, எந்தப் பக்கம் சுவர், கீழ என்ன இருக்குன்னும் சொல்லுங்க.


வைகை_பிசி:

கோவை அண்ணே, தாம்பரம் ப்ரோ, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

டெஸ்ட் பண்ணிட்டேன். கண்ணாடியோட 51, கண்ணாடி இல்லாம 45. ரூம் ரெண்டு தடவையும் 34தான். நெஜமாவே இவ்ளோ இறங்கும்னு நெனைக்கல.

பிசி டேபிளுக்கு மேல, எனக்கு வலது கைப் பக்கம் இருக்கு, கண்ணாடி என் பக்கம் பாத்தாப்ல. அதுக்கு அந்தப் பக்கம் சுவர், நடுவுல ரெண்டு வெரல் இடைவெளி இருக்கும். கேஸ் டேபிள் மேல நேரா உக்காந்துருக்கு, அடியில அதோட கால் உயரம்தான். டேபிள்ல பெரிய மவுஸ்பேட் விரிச்சுருக்கேன், கேஸோட முன் காலு ரெண்டும் அது மேல வரும்.


கோவை_ரேடியேட்டர்:

ஆறு டிகிரி! விஷயம் முடிஞ்சுதுங்க தம்பி, ரேடியேட்டர் வாங்க வேணாம்.

கண்ணாடியக் கழட்டுனா ரேடியேட்டரும் மாறல, ஃபேனும் மாறல, தண்ணியும் மாறல, மாறுனது ஒண்ணே ஒண்ணு, உள்ள காத்து வர்ற வழி. இப்ப உங்க கேஸ்ல ஆறு ஃபேன் வெளிய தள்ளுது, மூணு ஃபேன்தான் உள்ள கொண்டு வருது, அந்த மூணும் டேபிளுக்கும் கேஸுக்கும் நடுவுல இருக்கற கொஞ்சூண்டு சந்துல, வலைய வேற தாண்டி இழுக்கணும். சமையல்கட்டுல ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா எப்படி வெறுமனே சுத்திட்டு இருக்குமோ அப்படித்தான் இருக்கு உங்க ரேடியேட்டர் ஃபேன். 1500ல சத்தம் போடுது, ஆனா தள்றதுக்குக் காத்து இல்ல. இதுல சைடு ரேடியேட்டர் தள்ற சூடான காத்து ரெண்டு வெரல் தள்ளி சுவத்துல முட்டி, அப்படியே கேஸ ஒட்டி கீழயும் பின்னாடியும் சுத்தி, கீழ இருக்கற இன்டேக்குக்கே திரும்ப வருது. கையக் கொண்டு போயி கேஸுக்கு வலது பக்கம் அடியில வச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும்.

இதுக்கும் கணக்கு இருக்கு. ஒரு கன மீட்டர் காத்த ஒரு டிகிரி சூடாக்க 1.15 கிலோஜூல் சுமாரா ஆகும். 400 வாட்ட நிமிஷத்துக்கு ஒண்ணரை கன மீட்டர் காத்த வச்சு வெளிய எடுத்தீங்கன்னா அந்தக் காத்து 14 டிகிரி சூடாகிடும். ரூம் 34ன்னா வெளிய போற காத்தே 48. கூலன்ட் அதவிட மேலதான் நிக்க முடியும், அதனாலதான் 51. அதே இடத்துல நிமிஷத்துக்கு மூணு கன மீட்டர் போச்சுன்னா வெளிய போற காத்து 41தான். ரேடியேட்டர் எத்தனை வச்சாலும் இந்தக் கணக்கு மாறாதுங்க. கீழ 45 எம்எம் ரேடியேட்டர் வச்சுருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும், இருக்கற ஒரே இன்டேக்கையும் அது அடைச்சிருக்கும், காத்து இன்னும் கொறைஞ்சிருக்கும்.

நான் பண்ணச் சொல்றது இதுதான். சைடு ஃபேன் மூணையும் திருப்பி இன்டேக் ஆக்குங்க. ஓ11ல சைடு ஃபேனுக்கு வலது பக்க பேனல்ல வலை வச்ச ஓட்டை இருக்கு, அது வழியா நேரா ரூம் காத்து ரேடியேட்டருக்கு வரும். அதுக்கு சுவத்துல இருந்து கேஸ நகத்தணும், ஒரு சாண் இடைவெளி இருந்தா போதும். மவுஸ்பேட கேஸுக்கு அடியில இருந்து எடுத்துட்டு, காலுக்குக் கீழ ரப்பர் புஷ்ஷோ மரக்கட்டையோ வச்சு ரெண்டு மூணு சென்டிமீட்டர் தூக்குங்க. மேல எக்ஸாஸ்ட் அப்படியே இருக்கட்டும், கீழ இன்டேக் அப்படியே இருக்கட்டும். ஆறு உள்ள, மூணு வெளிய. மிச்சக் காத்து பின்னாடி ஸ்லாட் ஓட்டை வழியா தானா போயிடும், தூசியும் கண்ட இடுக்கு வழியா உள்ள வராது.

லூப்ப வடிக்க வேண்டியதில்ல பாருங்க, ஃபேன் ஸ்குரூ மட்டும்தான். ஆனா ஒரு விஷயம் கவனமா இருங்க, ரேடியேட்டர் ஸ்குரூவ பழைய ஓட்டையில அதே நீளத்துலதான் போடணும், நீளமான ஸ்குரூ போட்டா ரேடியேட்டர் குழாயவே குத்திடும். சில ரேடியேட்டர்ல அதுக்குக் காப்புத் தகடு இருக்கும், எல்லாத்துலயும் இருக்காது.


தாம்பரம்_டி5:

கோவை அண்ணா, ஏர்ஃப்ளோ பத்தலங்கறது டெஸ்ட்லயே தெரிஞ்சு போச்சு, அத ஒத்துக்கறேன், மூணாவது ரேடியேட்டர் யோசனைய நானும் வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா சைட இன்டேக் பண்றதுல எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு. சைடு ரேடியேட்டரோட சூடு மொத்தமும் கேஸுக்குள்ள வந்து அதே சூடு காத்துதான் மேல இருக்கற ரேடியேட்டருக்குப் போகும், அப்போ மேல ரேடியேட்டர் பாதி வீண்தானே? போர்டோட விஆர்எம் (சிபியுக்குக் கரண்ட் சீராக்கிக் குடுக்கற பகுதி), ரேம், எம்2 டிரைவ் (போர்டுலயே சொருகற எஸ்எஸ்டி) எல்லாம் வேற அந்தச் சூட்டுல வேகும். அதுக்குப் பதிலா மேல, சைடு ரெண்டையும் இன்டேக் ஆக்கி கீழ மூணையும் எக்ஸாஸ்ட் ஆக்குனா ரெண்டு ரேடியேட்டருக்குமே ரூம் காத்து கிடைக்கும்ல?


கோவை_ரேடியேட்டர்:

நல்ல கேள்விங்க தாம்பரம், நெறைய பேரு இந்த எடத்துலதான் பயந்து ரெண்டையும் எக்ஸாஸ்ட்டா வைக்கறாங்க.

சைடு ரேடியேட்டர் பாதி சூட்ட எடுத்துக்குதுன்னா 200 வாட். மூணு ஃபேன் ரேடியேட்டர் வழியா நிமிஷத்துக்கு ரெண்டு கன மீட்டர் தள்ளுதுன்னு வைங்க, அந்தக் காத்து அஞ்சு டிகிரிதான் சூடாகும். 34க்கு வந்தது 39. கீழ இருந்து வர்ற 34 காத்தும் அதோட கலந்தா மேல ரேடியேட்டருக்குப் போறப்ப 37க்குப் பக்கம் இருக்கும். மேல ரேடியேட்டர் மூணு டிகிரி இழக்குது, உண்மைதான், ஆனா அதுக்குப் பதிலா போற காத்தோட அளவு ரெட்டிப்பாகுது. இப்ப இருக்கற நெலமைல தம்பியோட மேல ரேடியேட்டருக்கு 34 காத்து கிடைக்கறதே இல்ல, சுவத்துல முட்டித் திரும்புன காத்துதான் கிடைக்குது.

விஆர்எம், எம்2 பத்தி சொன்னீங்க. வாட்டர் பிளாக் போட்ட பிசில அதெல்லாம் சூடாகறதுக்குக் காரணமே காத்து அசையாம நிக்கறதுதான். ஏர் கூலர் இருந்தா அந்த ஃபேன் போர்டு மேலயும் கொஞ்சம் ஊதும், ஜிபியு ஃபேன் எம்2 பக்கம் கொஞ்சம் கலக்கி விடும், பிளாக் போட்டா அது ரெண்டும் இல்ல. 37 டிகிரி காத்து ஓடிட்டே இருந்தா 34 டிகிரில தேங்கி நிக்கறத விட டிரைவுக்கு நல்லது.

மேல சைடு ரெண்டும் இன்டேக், கீழ எக்ஸாஸ்ட்ங்கறது தப்பில்லங்க, ஃபேன் ஓடுறப்ப சூடு மேலதான் ஏறும்ங்கறதெல்லாம் எடுபடாது, ஃபேன் தள்ற பக்கம்தான் காத்து போகும். ஆனா கீழ வெளிய தள்ற சூடு காத்து டேபிள்ல பட்டு தெறிச்சு சைடு இன்டேக்குக்கு வந்துடும், ஓ11 மாதிரி தாழ்வா உக்கார்ற கேஸ்ல அது சரி வராது. பின்னாடி 120 ஃபேன் வைக்க இடம் உள்ள கேஸா இருந்தா யோசிக்கலாம், பழைய ஓ11ல பின்னாடி ஃபேன் இடமே கிடையாது.


நெல்லை_அண்டர்வோல்ட்:

காத்து விஷயத்த அண்ணாச்சி தெளிவாச் சொல்லிட்டாவ, நான் சூட்டையே கொறைக்கற வழி சொல்லுதேன். காத்த எவ்வளவு சரி பண்ணுனாலும் அந்த 400 வாட்டு உங்க ரூமுக்குள்ளதான் வந்து விழும். ஏசி இல்லாத ரூம்ல கதவச் சாத்திட்டு வெளையாடுனா ராத்திரி பதினோரு மணிக்கு ரூமே 36 ஆயிரும், கூலன்டும் அது கூடவே ஏறும்.

3080ய ஸ்டாக்குல (கம்பெனி செட்டிங்ல) ஓட்டணும்னு அவசியமே இல்ல. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல வோல்டேஜ் கர்வ தொறந்து 0.85 வோல்ட்டுல 1800 மெகாஹெர்ட்ஸ் வச்சு, அதுக்கு மேல கர்வ தட்டையாக்கிருங்க. 320 வாட்டு இழுத்த கார்டு 250 பக்கம் வந்துரும், கேம்ல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கார்டுக்குக் கார்டு கொஞ்சம் மாறும், கேம் தொங்குச்சுன்னா 0.875க்கு ஏத்திக்கோங்க. கர்வோட மல்லுக்கட்ட முடியலன்னா பவர் லிமிட்ட 80 சதவீதத்துல வச்சாலே போதும்.

5800எக்ஸ்க்கு பயாஸ்ல (போர்டோட செட்டிங் திரை) பிபிஓ மெனுவுக்குப் போயி, சிபியு வோல்டேஜ கொறைக்கற கர்வ் ஆப்டிமைசர நெகட்டிவ்ல மைனஸ் 10ல இருந்து ஆரம்பிங்க. அதுக்கு மேல போகணும்னா ஒவ்வொரு கோரா டெஸ்ட் பண்ணணும், ஏன்னா லோடு இல்லாம சும்மா இருக்கறப்பதான் அது ரீஸ்டார்ட் ஆகும், ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல மாட்டாது. ஸ்டாக்குல பிபிடி (சிபியு இழுக்கற பவர் எல்லை) 142 வாட்டு, கேமுக்கு அவ்வளவு தேவையே இல்ல, ஈகோ மோடு போட்டா 88ல நிக்கும்.

இன்னொன்னு, பெட்ஜி ட்யூப் போட்டுருக்கீங்க. கூலன்ட் 51ங்கறது அவசரம் இல்ல, ஆனா 60 கிட்ட போக விடாதீங்க. டி5 பம்புக்கும் 60 தான் எல்லை, பெட்ஜியும் அந்தச் சூட்டுல இளக ஆரம்பிச்சு ஃபிட்டிங்ல பிடிமானம் விடும். கூலன்ட் 55 தொட்டா மெஷின தானா ஷட்டவுன் பண்ற மாதிரி வச்சுக்கோங்க.


வைகை_பிசி:

அண்ணே எல்லாரும் சேந்து காப்பாத்திட்டீங்க. சைடு ஃபேன திருப்பியாச்சு, கேஸ சுவத்துல இருந்து நகத்தி டேபிள் ஓரத்துக்குக் கொண்டு வந்தாச்சு, காலுக்குக் கீழ வாஷிங் மெஷினுக்கு வைக்கிற ரப்பர் ஸ்டாண்ட் வாங்கி வச்சேன், அடியில இப்ப கை நொழையுது. ரூம் 34, ஃபேன் 1400, அதே கேம்: கூலன்ட் 44, ஜிபியு 57, சிபியு அதிகபட்சம் 81. கண்ணாடிய கழட்டிட்டும் ஓட்டிப் பாத்தேன், 43 தான், ஒரு டிகிரிதான் வித்தியாசம்! எம்2 டிரைவு 61ல இருந்து 54க்கு வந்துருச்சு, அது எதிர்பாக்கவே இல்ல.

அப்பறம் நெல்லை அண்ணன் சொன்னபடி 0.85ல 1800 வச்சேன், கார்டு 245 வாட்டுல ஓடுது, கூலன்ட் 42ல நிக்குது, ஃபேன 1100க்கு எறக்குனா 44. அந்தச் சத்தத்துல ஹெட்செட்டே இல்லாம வெளையாடலாம்ணே, உண்மையிலயே சந்தோஷமா இருக்கு.

இப்ப ரெண்டு சந்தேகம் மட்டும். ஃபேன் ஸ்பீடு சிபியு டெம்ப வச்சு ஏறி எறங்கறதால பிரவுசர தொறந்தாக்கூட விர்ருனு ஒரு தடவ ஏறி எறங்குது, அத எப்படி சரி பண்றது? சைடு இன்டேக் ஆனதால தூசி எல்லாம் ரேடியேட்டர்ல அடையுமே, எங்க வீடு ரோட்டுமேல, பஸ் போற ரோடு, அதுக்கு என்ன பண்ணலாம்?


தாம்பரம்_டி5:

செம ப்ரோ, 17 இருந்த டெல்டா (கூலன்டுக்கும் ரூமுக்கும் வித்தியாசம்) ஒரு ரூபா செலவில்லாம 10க்கு வந்துச்சு, ரப்பர் ஸ்டாண்ட தவிர. கண்ணாடி டெஸ்ட்ல ஒரு டிகிரிதான் வித்தியாசம்னா கேஸ் இப்ப எந்தத் தடையும் பண்ணலன்னு அர்த்தம், அதுக்கு மேல ஏர்ஃப்ளோல தேட வேண்டியது ஒண்ணும் இல்ல.

ஃபேன் மேட்டருக்கு, சிபியு டெம்ப விட்டுட்டு கூலன்ட் சென்சாருக்கு மாத்துங்க. உங்ககிட்ட சென்சார் ஏற்கனவே இருக்கு, அது போர்டுல ரெண்டு பின் டெம்ப் ஹெட்டர்ல மாட்டிருந்தா பயாஸ்லயே ஃபேன் கர்வுக்கு அந்த சென்சார தேர்ந்தெடுக்கலாம். பயாஸ்ல வரலன்னா ஃபேன் கன்ட்ரோல்னே ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல சென்சார் வந்துரும். சிபியு ஒரு நொடில 20 டிகிரி குதிக்கும், தண்ணி அப்படி குதிக்காது, லிட்டர் கணக்குல இருக்கற தண்ணி சூடாக நிமிஷக் கணக்கு ஆகும், அதனால ஃபேன் சத்தம் ஏறுறதே காதுக்குத் தெரியாது. நம்ம ஊருக்கு கர்வ் இப்படி வைங்க: 36 வரைக்கும் 700 ஆர்பிஎம், 40ல 1000, 44ல 1200, 48ல 1600. இன்டர்நெட்ல பாக்குற கர்வ் எல்லாம் 25 டிகிரி ரூமுக்குப் போட்டது, அத அப்படியே வச்சா மதுரைல பிசி சும்மா இருக்கறப்பவே ஃபேன் முழு வேகத்துல ஓடும். பம்ப மட்டும் கர்வுல விடாதீங்க, 65 இல்ல 70 சதவீதத்துல ஒரே வேகமா நிறுத்திடுங்க, பம்ப் முழு வேகத்துல ஓடுனா அதுவே இருபது வாட்டுக்கு மேல தண்ணிக்குள்ள சூடு போடும், சத்தமும் வரும்.

ஏசி போடுற யோசனை இருந்தா ஒரு விஷயம், ரூம் 26 ஆனா கூலன்டும் அதே எட்டு டிகிரி கீழ வரும். தண்ணி சேரும், வேர்க்கும்னு சிலர் பயமுறுத்துவாங்க, ரேடியேட்டர் மட்டும் வச்ச லூப்ல கூலன்ட் ரூம விட கீழ போகவே முடியாது, அதனால வேர்க்காது.


கோவை_ரேடியேட்டர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி, நம்பரோட வந்து சொன்னதுக்கு இன்னும் சந்தோஷம், பின்னாடி தேடி வர்றவங்களுக்கு உதவும்.

தூசிக்கு வர்றேன். ஓ11 சைடுலயும் கீழயும் வலை ஃபில்டர் இருக்கு, ரோட்டுமேல வீடுன்னா மாசத்துக்கு ரெண்டு தடவ கழட்டி தண்ணில அலசி, நல்லா காய வச்சு மாட்டுங்க. ஆனா அந்த வலைல நிக்காத பொடித் தூசி ஃபேனத் தாண்டிப் போயி ரேடியேட்டர் தகடு மேல படியும், அது ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்கறதால வெளிய இருந்து பாத்தா ரேடியேட்டர் பளிச்சுன்னுதான் தெரியும். ஃபேனக் கழட்டுனாத்தான் சாம்பல் நிறத்துல பஞ்சு மெத்தை மாதிரி தகடு முழுக்க ஒட்டிட்டு இருக்கறது தெரியும். பிரஷ்ஷ தகடு போற திசையிலயே மெதுவா இழுங்க, குறுக்க இழுத்தா தகடு மடங்கிடும். ப்ளோயர் வச்சு ஊதுறதா இருந்தா கேஸுக்கு உள்பக்கம் இருந்து வெளிப்பக்கமா ஊதுங்க, ஃபேன் எறக்கைய கையால புடிச்சுக்கங்க, சுத்த விட்டா பேரிங் போயிடும், போர்டுக்கும் கரண்ட் திரும்பப் போகும்.

எப்ப கிளீன் பண்ணணும்னு கூலன்டே சொல்லிடும். ரூமுக்கும் கூலன்டுக்கும் இப்ப 1100ல பத்து டிகிரி வித்தியாசம்னு எழுதி கேஸ் பின்னாடி ஒட்டிக்கங்க, அதே கேம் அதே ஸ்பீடுல அது 13 ஆச்சுன்னா ரேடியேட்டர்ல தூசி. கூலன்ட் அப்படியே இருந்து ஜிபியு மட்டும் ஏறுச்சுன்னா பிளாக்குக்குள்ள அடைப்பு இல்லன்னா பேஸ்ட் காஞ்சது. 

கூலன்ட் மாத்துறப்ப குழாத்தண்ணி, ஆர்ஓ தண்ணி ரெண்டும் வேணாம். டிஸ்டில்டு வாட்டர்ல துருப்புடிக்காம இருக்கவும் பாசி வராம இருக்கவும் வர்ற மருந்து கலந்து ஊத்துங்க, இல்லன்னா ரெடிமேடா வர்ற கிளியர் கூலன்ட் வாங்கிக்கங்க. கலர் கலரா பால் மாதிரி வர்றதுல துகள் கலந்திருக்கும், அது நாளடைவுல பிளாக் தகட்டு இடுக்குல படியும்.

ஃபில்டர் வாங்கறதா இருந்தா ரொம்ப நெருக்கமான வலை வாங்காதீங்க, காத்துத் தடை ஆயிடும். புது வலை மாட்டுனதும் அந்தக் கண்ணாடி டெஸ்ட இன்னொரு தடவ பண்ணிப் பாருங்க, ஒரு டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா பழைய வலையே மேல்.